கூண்டு முயலுக்கு இருபத்தைந்து ஸ்லைடு

— பெட்டியைப் பூட்டாதே. நான் சொல்றதைக் கேட்டுட்டுப் பூட்டு.

— காது திறந்துதான் இருக்கு, சொல்லுங்கக்கா. பதினொன்றரைக்கு ரயில். வண்டிக்கார அண்ணன் வாசல்ல நிக்கறார். இருபத்தஞ்சு ஸ்லைடும் சரியா இருக்கா?

— இருபத்தஞ்சும் இருக்கு. இருபத்தஞ்சுலயும் உன் முயலோட மூளை இருக்கு. நோய்க்கு அடையாளம்னு நீ கொண்டாடற அந்தச் சிவப்பு உருண்டைதான் இல்ல.

— எந்த ஸ்லைடுல இல்ல?

— எதுலயும் இல்ல, தாயே.

— விளையாடாதீங்க.

— இருபது வருஷமா இந்த லேப்ல மூளையும் ஈரலும் பதிச்ச மெழுகு பிளாக்கைச் சீவறேன். இதுல எனக்கு என்ன விளையாட்டு?

— அப்ப ஆழமா சீவித் தள்ளிட்டீங்க. உருண்டை பிளாக்கோட மேல்பக்கத்துல இருந்துச்சு. அதைக் குப்பையில போட்டுட்டு அடியில கிடந்ததை எனக்கு ஏந்திக் குடுத்திருக்கீங்க. எழுதி வச்சுக்கோங்க, அதான் நடந்திருக்கும்.

— இருபத்தஞ்சு சீவலையும் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா ஒரு தாள் கனம் வரும். ஒரு தாள் கனத்துக்குள்ள ஒரு நோய் ஆரம்பிச்சு முடிஞ்சுடுமா? நீ டாக்டர், நீயே சொல்லு.

— இப்படி டாக்டர் டாக்டர்னு இழுக்காதீங்க, எரியுது. இன்னிக்குப் போய் இதைச் சொல்றீங்களே. நேத்தே சொல்லியிருக்கலாம்ல?

— நேத்து சாயங்காலம்தான் பார்த்தேன். பார்த்துட்டு ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு. காலையில உனக்கு நாலு தடவை போன் பண்ணேன், நீ எடுக்கல.

— துணி மடிச்சுட்டு இருந்தேன். இருங்க, அவர்தான் கூப்பிடறார். அண்ணே, பத்து நிமிஷம். இல்லண்ணே, வந்துடுவேன், ஹாரன் அடிக்காதீங்க, மேல கிளாஸ் நடக்குது. சரிண்ணே. அக்கா, என்ன பண்ணலாம் சொல்லுங்க. நான் முதல்ல உருண்டையைப் பார்த்த அந்தப் பழைய ஸ்லைடு ஒண்ணு இருக்குல்ல, அதுல உருண்டை இருக்குல்ல?

— இருக்கு. மேசையில ஏத்தி வச்சிருக்கேன். ரெண்டு தலை மைக்ராஸ்கோப்தானே, நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பார்க்கறேன். உட்காரு.

— உட்கார நேரமில்ல. நின்னுக்கிட்டே பார்க்கறேன்.

— முயல் தெளிவா தெரியுதா?

— தெரியுது.

— திருகைத் தொடாதே. அப்படியே ஓரத்துக்குப் போ. உருண்டை இருக்கற துண்டுக்கு.

— போயிட்டேன். கொஞ்சம் மங்கலா இருக்கு. ஒரு சுத்து திருகினா சரியாயிடும்.

— ஏன் திருகணும்? ரெண்டும் ஒரே மூளைன்னா ஒரே மட்டத்துல படுத்திருக்க வேண்டாமா?

— ஓரம் மடிஞ்சிருக்கும்.

— மடிஞ்சா கோடு தெரியும். கோடு எங்க இருக்கு, காட்டு. அது மடிப்பு இல்ல, தாயே. முயல் மேல வேற யாரோ ஏறிப் படுத்திருக்காங்க.

— இல்ல.

— நல்லாப் பாரு.

— பார்த்துட்டேன், சும்மா இருங்க.

— சரி.

— சும்மா இருங்கன்னா நிஜமாவே சும்மா இருந்துடுவீங்களா? வேற பிளாக்கோட துணுக்குங்கறீங்க. அதானே?

— சீவலை மிதக்க விடற வெந்நீர்த் தொட்டியில முந்தின பிளாக்கோட துணுக்கு மிதந்திருக்கு. உன் முயலைக் கண்ணாடியில ஏந்தும்போது கூடவே ஒட்டிக்கிச்சு. ஒரு பிளாக் முடிஞ்சா தண்ணி மேல தாளைப் போட்டு இழுத்துத் துடைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

— அப்ப துடைக்காதது யாரு?

— அதைத்தான் நானும் கேக்கறேன். அன்னிக்குச் சீவினது யாரு?

— நீங்க லீவு.

— நான் லீவுதான். சீவினது யாருன்னு கேட்டேன்.

— நான். நான்தான் சீவினேன். போதுமா? மறுநாள் கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி. நீங்க சொல்லாம கொள்ளாம ரெண்டு நாள் லீவு போட்டுட்டீங்க. எட்டு பிளாக்கை வச்சுக்கிட்டு ஒத்தை ஆளா நின்னேன். நீங்க இருந்திருந்தா இது நடந்திருக்குமா? எல்லாம் உங்க லீவால வந்த வினை.

— சொல்லிட்டுத்தான் போட்டேன். நீதான் போன்ல இருந்தே.

— ஐயோ அக்கா. அந்த முயல் கூண்டை விட்டு வெளிய வந்ததே இல்ல. ஒரு நாய், ஒரு பூனை, ஒரு எலி கிட்ட வந்ததில்ல. அப்படிப்பட்ட முயலோட நரம்பு செல்லுக்குள்ள வெறிநோய் உருண்டை. மாநாட்டுக்காரங்க என்ன எழுதினாங்க தெரியுமா? "இப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை"ன்னு எழுதினாங்க.

— பார்த்திருக்க மாட்டாங்கதான். நடக்காததை எப்படிப் பார்ப்பாங்க?

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. வாய் அப்படிப் போகுது.

— அங்க இருபத்தஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஸ்லைடு குடுப்பாங்க. எந்தத் தகவலும் சொல்ல மாட்டாங்க, வயசும் இனமும் மட்டும்தான். எல்லாரும் அவங்கவங்க கண்ணால படிச்சு நோயைச் சொல்லணும். அப்புறம் நான் எழுந்து விடையைச் சொல்லணும். பின் வரிசையில பெரிய ஆளுங்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அடுத்த மூணு வருஷப் பயிற்சிக்கு யாரை எடுக்கறதுன்னு அங்கயேதான் முடிவு பண்றாங்க. இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு வரம்பு தாண்டிடும். இதைத் தவிர எனக்கு வேற வாசல் கிடையாது, எழுதி வச்சுக்கோங்க.

— போக வர, தங்க எல்லாம் அவங்களே பார்த்துக்கறாங்கன்னு சொன்னியே.

— சங்கத்து நிதி. "வருங்காலக் கால்நடை நோய்க்குறியியல் வல்லுநர்களை வளர்ப்பதற்காக"ன்னு கடிதத்துலயே போட்டிருக்கு. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவர் கைநாட்டு வைக்கற ஆளு. நோய்க்குறியியல்னு அவர் வாயில வராது. "செத்த மாட்டுக்கு டாக்டர்"னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறார்.

— தப்பா ஒண்ணும் சொல்லலையே.

— கேக்கறவங்க, "செத்ததுக்கு அப்புறம் டாக்டர் எதுக்கு"ன்னு கேக்கறாங்களாம். "உயிரோட இருக்கறதுக்கு எவன் வேணும்னாலும் பார்ப்பான், செத்ததைப் பார்க்கத்தான் மூளை வேணும்"னு இவர் சொல்றாராம். அந்த மனுஷன்கிட்ட போய் நான் என்ன சொல்ல? தொட்டியைத் துடைக்க மறந்துட்டேன்ப்பான்னு சொல்லவா?

— அந்த நிதியில கத்தி பிடிக்கறவங்களுக்கு ஏதாச்சும் உண்டா?

— என்ன?

— ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

— நானே எப்படி உள்ள நுழைஞ்சேன்னு உங்களுக்குத் தெரியும்ல. முதல் லிஸ்ட்டுல என் பேரே இல்ல. இளவரசர் பேர்தான் இருந்துச்சு.

— டிபார்ட்மெண்ட் தலைவரோட மருமகன்.

— அவரேதான். மைக்ராஸ்கோப்ல விளக்கு போடாமலே அரை மணி நேரம் பார்த்துட்டு, "ஆர்டிஃபாக்ட் நிறைய இருக்கு, சீவினதுல வந்த கோளாறு"ன்னு சொன்னாரே, அதே இளவரசர். தலைவர் ரூமுக்குப் போய்க் கேட்டேன். "விட்டுப்போச்சும்மா"ன்னார். விட்டுப்போறதுக்குப் பேரு என்ன குடையா, பஸ்ஸுல மறந்து வச்சுட்டு வர? மூணு வாரம் அவர் வாசல்ல நின்னு என் பேரை ஏத்த வச்சேன். இந்த டிபார்ட்மெண்ட்ல எடுபிடி வேலை பூரா யாரு பார்க்கறா? ஃபார்மலின் வாங்கணுமா, நீ எழுது. கையுறை தீர்ந்துபோச்சா, நீ எழுது. ஊசி போட ஆள் லிஸ்ட்டா, நீ எழுது. உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு ஒரு ஐஸ் வேற. மாநாடுன்னு வந்தா மட்டும் என் பேரு விட்டுப்போயிடும்.

— கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. இந்தா, அன்னிக்கு நீ எழுதின ரிஜிஸ்டர். முயலுக்கு முன்னாடி எந்த பிளாக்னு படி.

— எதுக்கு? யாரா இருந்தா என்ன?

— படியேன்.

— நாய். லாரியில அடிபட்டது. குடோன் வாட்ச்மேன் கொண்டுவந்தானே, அது.

— அந்த நாயோட ஸ்லைடை அலமாரியில இருந்து எடுத்தேன். ஒரு மூலை பிய்ஞ்சிருக்கு. பார்க்கறியா? கிழிஞ்ச நோட்டு ரெண்டு பாதியும் சேர்ற மாதிரி, உன் முயல் மேல படுத்திருக்கற துணுக்கு அங்க போய்ப் பொருந்துது.

— சும்மா ஒரு சாயல் இருக்கும்.

— அப்படித்தான் நானும் நினைச்சேன். அதனால நாயோட பிளாக்கையே எடுத்துப் புதுசா ஒண்ணு சீவிச் சாயம் ஏத்தினேன். இந்தா, இதை வை.

— வேண்டாம்.

— வை, தாயே.

— ஐயோ.

— எத்தனை இருக்கு?

— எண்ண முடியல. இந்த மூலையில மட்டும் ஒவ்வொரு செல்லுலயும் இருக்கு. சில செல்லுல மூணு, நாலு.

— நீ அன்னிக்கு நாய் ஸ்லைடுல பார்த்தது பிய்ஞ்சது போக மிச்சத்தை. அதுல ஒண்ணும் இல்ல. இருந்த இடம் முயல் மேல போய் உட்கார்ந்துக்கிச்சு. நீ முயலைக் கொண்டாடிட்டு, நாய்க்கு என்ன எழுதினே?

— "விபத்துக் காயங்களால் மரணம். மூளையில் வேறு மாற்றம் இல்லை."

— கீழ கையெழுத்து?

— என்னோடதுதான். ஏன் இப்படிக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க, போலீஸ் மாதிரி?

— அந்த நாய் ரெண்டு வருஷமா சங்கிலியில கிடந்தது. அன்னிக்குச் சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடி லாரியில விழுந்துச்சு. எதுக்கு அறுத்துச்சுன்னு நீ யோசிக்கல.

— லாரி ஏறின நாய்க்கு யாராவது மனசு எப்படி இருந்துச்சுன்னு யோசிப்பாங்களா? அப்பவும் நான் கேட்டேன், எழுதி வச்சுக்கோங்க. யாரையாவது கடிச்சுதான்னு அந்த வாட்ச்மேனைக் கேட்டேன். சோறு வச்ச கையைக்கூடத் தொடலைம்மான்னு சொன்னான். இருங்க. அண்ணே, தெரியுதுண்ணே, அஞ்சே நிமிஷம். ரயில் ஒண்ணும் கரெக்டா வராது. வைங்க. அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாம கேளுங்க.

— கேக்கறேன்.

— இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

— ம்.

— நான் கிளம்பறேன். இருபத்தஞ்சு ஸ்லைடும் வழியில உடைஞ்சுபோச்சுன்னு சொல்லிடறேன். பெட்டியைக் கீழ போட்டா போச்சு. பழைய ஸ்லைடோட போட்டோ இருக்கு, அதைத் திரையில காட்டறேன். போட்டோவுல திருகு கிடையாது. மட்டம் மாறினது யாருக்கும் தெரியாது.

— முயலுக்கு வராத நோயை வந்துச்சுன்னு சொல்லப்போறே.

— ஒரு முயல், அக்கா. ஒரே ஒரு செத்த முயல். அதனால யாருக்கு என்ன நஷ்டம்? முயல் வந்து கேக்கப் போகுதா? இளவரசர் மாதிரி ஆளுங்க வாழ்நாள் பூரா இல்லாததை இருக்குன்னு சொல்லியே பெரிய ஆளாயிடறாங்க. நான் ஒரு தடவை சொன்னா உலகம் இடிஞ்சுடுமா?

— நாய்?

— நாய்க்கு என்ன?

— நாயோட ரிப்போர்ட்டை மாத்தணும். வெறிநோய் இருந்துச்சுன்னு எழுதணும். நான் டைப் அடிச்சே வச்சிருக்கேன், இந்தா. நீ கையெழுத்து போட்டா போதும்.

— நீங்க எதுக்கு டைப் அடிச்சீங்க?

— போடேன்.

— இதுல நான் கையெழுத்து போட்டா என்ன ஆகும்னு தெரியுமா? எப்படிக் கண்டுபிடிச்சேன்னு தலைவர் கேப்பார். அதே நாள், அதே தொட்டி. முயல் காலி. மாநாட்டுக்காரங்களுக்குத் தகவல் போகும். தொட்டி துடைக்கத் தெரியாதவள், வெறிநாயை விபத்துன்னு எழுதினவள்னு என் பேரு மட்டும் எல்லா ஊருக்கும் போகும். ரயில் ஏறாமலே ஊர் ஊராப் போயிடுவேன்.

— போகலாம்.

— திரும்பி வந்து போடறேன். அஞ்சு நாள்.

— அஞ்சு நாளா?

— நாய் செத்து ஆறு வாரமாச்சு. யாரையும் கடிக்கல. புதைச்ச இடத்துல புல்லே முளைச்சிருக்கும். அஞ்சு நாள்ல என்ன குடியா முழுகிடும்? வேணும்னா மூணு நாள்ல வந்துடறேன். என்னைப் பாருங்கக்கா. ஏன் தரையைப் பார்க்கறீங்க?

— அன்னிக்கு நான் ஏன் லீவு போட்டேன்னு நீ ஒரு தடவையாச்சும் கேட்டியா?

— உடம்புக்கு ஏதோன்னு நினைச்சேன்.

— லீவுக்கு முந்தின நாள் போஸ்ட்மார்ட்டம் ரூம் ஆள் வரல. "அக்கா, நாயோட மண்டையைத் திறந்து வைங்க, இதோ வந்துடறேன்"னு சொல்லிட்டு நீ போனை எடுத்துக்கிட்டு மேல போனே. கட்டுரைச் சுருக்கம் எங்கன்னு மாநாட்டுல இருந்து போன். நான் சீவற ஆளு, எனக்கு எலும்பு வேலை பழக்கமில்ல. முக்கால்வாசி திறந்துட்டேன். கடைசியில ரம்பம் வழுக்கி இங்க ஏறிடுச்சு. நாலு தையல்.

— எங்க? காட்டுங்க.

— கையில துணி சுத்திக்கிட்டுத்தான் மூளையை ஜாடியில போட்டு உன்கிட்ட குடுத்தேன். நீ ஜாடியை வாங்கிட்டு, "சூப்பர்க்கா, முழுசா எடுத்திருக்கீங்க"ன்னு சொன்னே. துணியைப் பார்க்கல.

— அக்கா.

— நாய் கடிக்கலதான். அந்த வாட்ச்மேன் பொய் சொல்லல. அது செத்ததுக்கு அப்புறம்தான் கடிச்சுது.

— ஏன் இதை முதல்லயே சொல்லல? வந்ததும் வராததுமா கத்தியிருக்க வேண்டாமா? ஸ்லைடு, முயல், திருகுன்னு அரை மணி நேரமா சுத்தி வளைச்சு…

— சொல்லியிருந்தா நீ எனக்காகப் போட்டிருப்பே. நாய்க்காகப் போடுவியான்னு பார்த்தேன்.

— நேத்து எங்கயோ போனேன்னீங்களே.

— பெரிய ஆஸ்பத்திரி. தழும்பைப் பார்த்தாங்க. ஆறின காயம்மா, உங்க லேபே நாய்க்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்திருக்கு, எதை நம்பி நாங்க ஊசி போடறதுன்னாங்க. மருந்து தட்டுப்பாடாம். டாக்டர் கையெழுத்தோட மாத்தின ரிப்போர்ட் வேணுமாம்.

— பேனா குடுங்க.

— ரயில்?

— பேனா குடுங்கன்னு சொன்னேன். எங்க, இங்கயா? தேதி இன்னிக்குப் போடறேன். இந்தாங்க. இருங்க, அந்தாள் கூப்பிடறான். அண்ணே, வண்டியைத் திருப்பி நிறுத்துங்க. ஸ்டேஷன் இல்ல, பெரிய ஆஸ்பத்திரி. ஆமா, நானும் வரேன். பெட்டியெல்லாம் இல்லண்ணே. வைங்க.

— அழாதே. மை மேல விழுந்து வைக்கப்போகுது.

— அழல, கடுப்பு. அக்கா, ஆறு வாரம்தான். கையில எதுவும் தெரியலைல? எரிச்சல், மரமரப்பு, எறும்பு ஊர்ற மாதிரி?

— ஒண்ணும் இல்ல. பிளேடு நல்லாத்தான் பிடிக்குது. இருபத்தஞ்சு சீவினேனே.

— அப்ப நேரம் இருக்கு. இருங்க, ஒண்ணு மறந்தே போச்சு. போன வருஷமே டிபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் முன்கூட்டியே ஊசி போட்டாங்கல்ல? மூணு ஊசி. அது போட்டிருந்தா இப்ப ரெண்டு போட்டா போதும், பயமே இல்ல. வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு. அந்த அட்டை எங்க வச்சிருக்கீங்க?

— எனக்குப் போடல.

— எல்லாருக்கும் போட்டாங்கக்கா.

— பர்மனெண்ட் ஆளுங்களுக்குப் போட்டாங்க. படிக்கற பிள்ளைங்களுக்குப் போட்டாங்க. நான் தினக்கூலிதானே. நானும் வரிசையில போய் நின்னேன். லிஸ்ட்டுல பேரு இல்லம்மான்னாங்க. சரி, விட்டுப்போயிருக்கும்னு திரும்பி வந்து சீவ உட்கார்ந்துட்டேன்.

— விட்டுப்போறதுக்குப் பேரு என்ன குடையா? இந்தக் கட்டடத்துலயே கத்தி பிடிக்கற கை உங்களுடையது. முதல் ஊசி உங்களுக்குத்தான் போட்டிருக்கணும். எவன் எழுதின லிஸ்ட் அது? பேரைச் சொல்லுங்க. இன்னிக்கே அவன் மேல எழுதிக் குடுக்கறேன், எவனா இருந்தாலும் சரி. அடியில கையெழுத்து இருந்திருக்குமே?

— இருந்துச்சு.

— யாரோடது?

— வெளிய தேட வேண்டாம், தாயே. மேசையில பாரு. இப்ப போட்டியே, அதே கையெழுத்துதான்.